முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பெண்களின் கருத்தரிப்பும் மகப்பேறும்

முதுகுத்தண்டுப் பிளவு என்பது கருவின் முதல் நான்கு வாரங்களில் நரம்புக் குழாய் முழுமையாக மூடாமல் போவதால் உண்டாகும் பிறவிக் குறைபாடு ஆகும். மருத்துவத்தில் இது ஸ்பைனா பிஃபிடா எனப்படுகிறது. இக்குறைபாட்டுடன் பிறந்த பெண் குழந்தைகளில் பலர் இன்று வளர்ந்து, படித்து, வேலைக்குச் சென்று, திருமணமும் செய்துகொள்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோரால் கருத்தரிக்கவும் நலமான குழந்தையைப் பெற்றெடுக்கவும் முடியும். ஆனால் அந்த மகப்பேற்றுக்குத் தனித் திட்டம் வேண்டும். அத்திட்டத்தின் மிக முக்கியமான பகுதி கர்ப்பம் உறுதியான பிறகு அன்றி, அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிப் பகுதியில் உள்ள உணவு, வேலை, மருத்துவ வசதி ஆகியவற்றோடு பொருத்தி இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

குறைபாடும் அதன் வகைகளும்

கரு உருவான மூன்றாம், நான்காம் வாரங்களில் அதன் முதுகுப் பக்கத்தில் உள்ள ஒரு தட்டு சுருண்டு குழாயாகிறது. இதுவே நரம்புக் குழாய். இதன் மேல்முனை மூளையாகவும் மற்ற பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன. கருவுற்ற 28ஆம் நாளுக்குள் இக்குழாய் முழுதும் மூடிவிட வேண்டும். கீழ்ப்பகுதியில் ஓரிடம் மூடாமல் நின்றால் முதுகுத்தண்டுப் பிளவு உண்டாகிறது.

இது மூன்று வகைப்படும்.

மறைந்த பிளவு: முதுகெலும்பின் பின்வளைவில் மட்டும் சிறு இடைவெளி இருக்கும். தண்டுவடத்துக்குப் பாதிப்பு இருக்காது. இடுப்புவலிக்காக எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவருவது பெரும்பாலும் இவ்வகையே. வேறு அறிகுறி எதுவும் இல்லாதபோது இது மகப்பேற்றைப் பாதிப்பதில்லை. இதைக் கண்டு குடும்பத்தார் அஞ்ச வேண்டியதில்லை.

உறைப் பிதுக்கம்: தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை மட்டும் நீர்ப்பையாக வெளியே பிதுங்கியிருக்கும்.

தண்டுவடப் பிதுக்கம்: உறையோடு தண்டுவடமும் நரம்புகளும் வெளியே பிதுங்கியிருக்கும். இதுவே கடுமையான வகை. பிளவு இருக்கும் மட்டத்துக்குக் கீழே கால்களின் வலிமையும் தொடுவுணர்வும் குறையும். சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றின் கட்டுப்பாடும் பாதிக்கப்படும். பலருக்கு மூளையில் நீர் தேங்கும். அந்நீரை வயிற்றுக்குள் வடிக்க ஷன்ட் எனப்படும் மெல்லிய குழாய் பொருத்தப்பட்டிருக்கும்.

இக்கட்டுரையில் இனிக் கூறப்படுவன பெரும்பாலும் மூன்றாம் வகையினருக்கு உரியவை.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, தண்டுவடப் பிதுக்கத்துடன் பிறந்த குழந்தைகளில் மிகப் பலர் தொற்றினாலோ மூளையில் நீர் தேங்கியதாலோ சிறு வயதிலேயே இறந்தனர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் தொழில்நுட்ப வல்லுநரின் மகன் 1955இல் இக்குறைபாட்டுடன் பிறந்தான். மகனுக்காக ஹோல்ட்டர் உருவாக்கிய அடைப்பிதழ், அறுவை மருத்துவர் யூஜீன் ஸ்பிட்ஸ் வழியாக 1956 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவில் குறைந்த செலவில் கிடைக்கும் சாப்ரா ஷன்ட் பின்னர் உருவாக்கப்பட்டது. 1972இல் ஜாக் லாபிடஸ் என்னும் சிறுநீரக மருத்துவர், நோயாளி தாமே சில மணி நேரத்துக்கு ஒருமுறை தூய்மையான குழாயை நுழைத்துச் சிறுநீரை வெளியேற்றும் முறையை அறிமுகப்படுத்தினார். சிறுநீரகச் செயலிழப்பால் நேர்ந்த இறப்புகள் இதனால் பெரிதும் குறைந்தன. இவ்விரு முன்னேற்றங்களால்தான் இப்பெண்கள் தாய்மை வயதை எட்டும் நிலை பிறந்தது.

தடுப்பு மருந்தின் வரலாற்றில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்து, நூற்பாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அதனைக் குணப்படுத்துவதாகக் கண்டு 1931இல் வெளியிட்டார். அப்பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையேற்று நடத்திய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் 1945இல் அது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது.

ஃபோலிக் அமிலத்துக்கும் நரம்புக் குழாய்க்கும் உள்ள தொடர்பு 1991இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. முன்பு ஒருமுறை பாதிக்கப்பட்ட கரு உண்டான 1,817 பெண்களை ஏழு நாடுகளின் 33 மையங்களில் சேர்த்து நடந்த ஆய்வில், கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது.

கருவுறும் திறனும் மரபுவழி வாய்ப்பும்

முதுகுத்தண்டுப் பிளவு கருப்பையையோ சினைப்பையையோ பாதிப்பதில்லை. ஆகவே இப்பெண்களின் கருவுறும் திறன் பொதுவாக மற்றப் பெண்களுடையதைப் போன்றதே. "நடக்க முடியாதவளுக்குக் குழந்தை பிறக்காது" என்னும் எண்ணம் தவறானது. கருத்தடை தேவையில்லை என்று நினைத்து, முன்னேற்பாடு இன்றிக் கருத்தரிக்கவும் இவ்வெண்ணமே காரணமாகிறது.

"குழந்தைக்கும் வருமா?" என்பது குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு முதுகுத்தண்டுப் பிளவு இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100க்கு 3 முதல் 5 வரை எனக் கணக்கிடப்படுகிறது. இந்தியாவில் பொதுவாக 1,000 பிறப்புகளுக்கு நான்கைந்து குழந்தைகளுக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு காணப்படுவதாகத் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. அதாவது இப்பெண்களின் குழந்தைகளுக்கு வாய்ப்பு ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதி. இருந்தாலும் அதே கணக்கின்படி, 100 குழந்தைகளில் 95க்கும் மேற்பட்டவர்கள் இக்குறைபாடின்றியே பிறப்பர். ஃபோலிக் அமிலத்தை உரிய காலத்தில் எடுத்துக்கொள்வது இந்த வாய்ப்பை மேலும் குறைப்பதற்காகவே.

இப்பகுதியில் மாமன் மகள், அத்தை மகன் உறவில் திருமணம் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. உறவுத் திருமணத்துக்கும் நரம்புக் குழாய்க் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருப்பதை இந்தியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. குடும்பத்தில் ஒருவருக்கு இக்குறைபாடு இருக்கும்போது, உறவுக்குள் திருமணம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

ஃபோலிக் அமிலம்: நாளும் அளவும்

நாள் கணக்கைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து ஏறத்தாழ 14ஆம் நாளில் கரு உண்டாகிறது. நாள் தள்ளிப்போனது 28ஆம் நாளுக்குப் பின்தான் தெரியும். நரம்புக் குழாயோ 42ஆம் நாளுக்குள் மூடிவிட வேண்டும். அதாவது, நாள் தள்ளிப்போனதைக் கவனிப்பதற்கும் குழாய் மூடுவதற்கும் இடையே உள்ளவை ஏறத்தாழ இரண்டே வாரங்கள்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தை 12 வாரங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது. பொதுவான மகப்பேற்றுக் கவனிப்புக்கு அது நல்ல கெடு. நரம்புக் குழாயைப் பொறுத்தவரை அது காலம் கடந்த பின் வரும் நாள். எனவே முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பெண், கருத்தரிக்க முயலும் மூன்று மாதங்களுக்கு முன்பே, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பாவது, ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிக் கர்ப்பத்தின் 12 வாரம் முடியும்வரை தொடர வேண்டும்.

அளவும் வேறுபடுகிறது. மற்றப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறைபாடு இருக்கும்போது 4 அல்லது 5 மில்லிகிராம் தேவை. இந்திய மருந்துக் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இது 5 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கே. அதுவும் நான்காம் மாதத்திலிருந்துதான் நாள்தோறும் தரப்படுகிறது. இரத்தசோகையைத் தடுக்க அம்மாத்திரை மிக அவசியம். ஆனால் அது 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்துக்கு ஈடாகாது.

அப்படியானால் அந்த மாத்திரைகளையே பத்து விழுங்கலாமா? கூடாது. பத்து மாத்திரைகளில் 600 மில்லிகிராம் இரும்பு சேர்ந்துவிடும்; அது உடலுக்குத் தீங்கு. ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ள 5 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவரின் சீட்டோடு வாங்குவதே முறை. உயர்ந்த அளவு ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடக்கூடும். ஆகவே, சிறப்பாகச் சைவ உணவு உண்பவர்கள், பி12 அளவையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

உணவால் மட்டும் இந்த அளவை எட்ட முடியாது. முட்டைக்குப் பெயர்பெற்றது நாமக்கல். ஒரு முட்டையில் ஏறத்தாழ 20 முதல் 25 மைக்ரோகிராம் ஃபோலேட் உள்ளது. 5 மில்லிகிராமுக்கு இணையாக நாளொன்றுக்கு 200 முட்டைகள் உண்ண வேண்டியிருக்கும். செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரநிலை. நாளுக்கு 300 கிராம் அரிசி உண்டாலும் 40 மைக்ரோகிராமைத் தாண்டாது. சேலத்தில் பெருமளவு தயாராகும் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுதும் மாவுச்சத்தே. கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, துவரை, முட்டை ஆகியவற்றை நன்றாக உண்ண வேண்டும். அவற்றோடு மாத்திரையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கருத்தரிக்கும் முன் நடக்க வேண்டிய ஆலோசனை

ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கும் அதே மூன்று மாதங்களில் கீழ்க்கண்டவற்றையும் முடித்துவிடலாம்.

மருந்துகளைச் சரிபார்த்தல்: வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் மருந்து நரம்புக் குழாய்க் குறைபாட்டின் வாய்ப்பை உயர்த்துகிறது. சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் கோட்ரைமாக்சசோல், ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் மருந்து. முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கப்பட வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்ற வேண்டியவர் மருத்துவரே.

சிறுநீரகச் சோதனை: இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு, சிறுநீரக ஸ்கேன், இரத்த அழுத்தம் ஆகியவை பார்க்கப்பட வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்திருந்தால் கர்ப்பத்தின் ஆபத்து கூடும்.

முதுகு எம்.ஆர்.ஐ.: தண்டுவடம் எந்த மட்டத்தில் முடிகிறது, கீழே ஒட்டிக்கொண்டுள்ளதா என்பதை மயக்க மருத்துவர் முன்கூட்டியே அறிய இது உதவும்.

இடுப்பெலும்பும் முதுகு வளைவும்: இடுப்பின் அளவு, மூட்டுகள் விரியும் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முதுகு மிகவும் வளைந்திருந்தால் நுரையீரல் செயல்திறனும் சோதிக்கப்பட வேண்டும்.

ரப்பர் ஒவ்வாமை: சிறு வயது முதல் பல அறுவைகளையும் குழாய்களையும் சந்தித்ததால், இவர்களுக்கு இயற்கை ரப்பரான லேடெக்ஸ் மீது ஒவ்வாமை மிகுதியாகக் காணப்படுகிறது. பலூன் ஊதும்போது உதடு வீங்குதல், கையுறை பட்ட இடத்தில் தடிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். வாழைப்பழம், கிவி போன்ற பழங்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிரசவ அறையில் லேடெக்ஸ் இல்லாத கையுறையும் குழாயும் தயாராக இருக்க வேண்டும்.

கர்ப்ப காலக் கவனிப்பு

கர்ப்பத்தை உறுதிசெய்வதிலேயே ஒரு சிக்கல் உண்டு. குடல் பகுதியைக் கொண்டு சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் அறுவை செய்துகொண்டவர்களின் சிறுநீரில் சளி கலந்திருக்கும். இதனால் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை, கர்ப்பம் இல்லாதபோதும் உள்ளதாகக் காட்டக்கூடும். சிறுநீரில் புரதம் இருப்பதாகவும் தவறாகத் தெரியலாம். அத்தகையோருக்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும்.

சிறுநீர்த் தொற்று மிக அடிக்கடி வரும் தொல்லையாகும். குழாய் பயன்படுத்துவோர் சிறுநீரில் எப்போதும் சில கிருமிகள் இருக்கக்கூடும். காய்ச்சல், குளிர், துர்நாற்றம், திடீர்க் கசிவு ஆகியவற்றைக் கவனித்து, சிறுநீர்க் கல்ச்சர் செய்து உரிய மருந்து தர வேண்டும். கருப்பை வளர வளர, குழாய் நுழைக்கும் கோணமும் இடைவெளி நேரமும் மாற வேண்டியிருக்கும். கழிப்பறைக்குச் செல்வது கடினம் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பழக்கம் பல பெண்களிடம் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் இச்சமவெளியில் அது தொற்றுக்கு நேர் வழியாகும்.

ஷன்ட் உள்ளவர்களுக்குக் கடைசி மாதங்களில் வயிற்றின் அழுத்தம் கூடுவதால் குழாய் சரியாக வடிக்காமல் போகலாம். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், மிகுந்த தூக்கம் ஆகியன அறிகுறிகள். கர்ப்பகால இரத்தக் கொதிப்பு முற்றும்போதும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வருவதால், ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடும் ஆபத்து உண்டு. இரத்த அழுத்தத்தையும் ஷன்டையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஷன்ட் இருப்பதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்வது இதனால் முக்கியம்.

தோலில் உணர்வு இல்லாத இடங்களில் எடை கூடும்போது அழுத்தப் புண் எளிதில் வரும். தரையில் நெடுநேரம் அமர்ந்து கொலுசு கோக்கும் வேலை, தறி தொடர்பான வேலை ஆகியன இப்பகுதியில் பெண்கள் வீட்டிலிருந்தே செய்பவை. அவ்வேலை செய்யும் கர்ப்பிணி கால்மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கி இடம் மாற்ற வேண்டும். மெத்தையான இருக்கை வேண்டும். நாளுக்கு ஒருமுறை கண்ணாடி வைத்தோ வீட்டாரைக் கொண்டோ பிட்டம், குதிகால், காலிபர் படும் இடங்களைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் உடல் முன்னோக்கிச் சாய்வதால், ஊன்றுகோலோடு நடப்பவர்கள் விழ நேரலாம். அக்காலத்தில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவது பின்னடைவு அன்று, பாதுகாப்பு.

மலச்சிக்கல் முன்பே இருக்கும். இரும்பு மாத்திரை அதனைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்தாமல் நார்ச்சத்து, தண்ணீர், மருத்துவர் தரும் இளக்கும் மருந்து ஆகியவற்றால் சமாளிக்க வேண்டும். கால் அசைவு குறைந்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுதி. வலி தெரியாததால், ஒரு கால் மட்டும் வீங்கினாலோ சிவந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன்

18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் விரிவான ஸ்கேனில் குழந்தையின் முதுகெலும்பு தனியாகப் பார்க்கப்படுகிறது. பிளவு இருந்தால் தலையோட்டின் முன்பகுதி எலுமிச்சை வடிவிலும், சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்தும் தெரியும். 1986இல் விவரிக்கப்பட்ட இவ்வடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன. குழந்தைக்குக் குறைபாடு இருப்பதாகத் தெரியவந்தால் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அப்பெண்ணே. அவருக்கு முழு விவரமும், குழந்தை நரம்பு அறுவை மருத்துவரின் ஆலோசனையும் கிடைக்க வேண்டும். இக்குறைபாட்டோடு தாமே வாழ்ந்தவர் என்பதால், அவ்வாழ்வு எப்படிப்பட்டது என்பதை அங்குள்ள மற்றவர்களை விட அவரே நன்கு அறிவார்.

பிரசவம்

முதுகுத்தண்டுப் பிளவு என்பதே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. பலருக்குச் சுகப்பிரசவம் சாத்தியம். இடுப்பெலும்பு குறுகியிருத்தல், இடுப்பு மூட்டு விரியாமை, குழந்தை குறுக்காகவோ தலை மேலாகவோ இருத்தல் ஆகிய காரணங்களால் சிசேரியன் தேவைப்படுவது மற்றவர்களை விட இவர்களுக்கு மிகுதி.

வலி தெரிவது பிளவின் மட்டத்தைப் பொறுத்தது. கருப்பை சுருங்கும் வலி மார்புப் பகுதியின் கடைசி நரம்புகள் வழியாகவும், பிறப்பு வழியின் வலி இடுப்பின் அடிநரம்புகள் வழியாகவும் செல்கின்றன. பிளவு கீழே இருப்பவர்களுக்கு முதல் வலி தெரியும். குழந்தை வெளிவரும் கட்டத்தின் வலி தெரியாமல் போகலாம். பிளவு மிக மேலே இருந்தால் வலியே தெரியாமல் பிரசவம் தொடங்கிவிடலாம். வயிறு கல்லாக இறுகித் தளர்வதைக் கையால் உணர ஏழாம் மாதத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். குறைமாதப் பிரசவமும் இவர்களுக்குச் சற்று மிகுதி என்பதால், கடைசி வாரங்களில் மருத்துவமனையிலேயே அல்லது அதன் அருகிலேயே தங்குவது நல்லது.

பிளவு நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ உள்ள சிலருக்கு, பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் திடீரென மிக உயரலாம். கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை, நாடித்துடிப்புக் குறைதல் ஆகியன இதன் அறிகுறிகள். நிரம்பிய சிறுநீர்ப்பை இதனைத் தூண்டும் பொதுவான காரணம் என்பதால், முதலில் அதை வெறுமையாக்க வேண்டும்.

மயக்க மருத்துவரை எட்டாம் மாதத்துக்குள் சந்திக்க வேண்டும். தண்டுவடம் தாழ்ந்து ஒட்டியிருக்கும் நிலையில், முதுகில் வழக்கமான இடத்தில் ஊசி போடுவது நரம்பைக் காயப்படுத்தலாம். மருந்தும் சமமாகப் பரவாமல் போகலாம். நள்ளிரவில் பிரசவ அறையில் முதல் முறையாக இதனைத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

நன்கு செயல்படும் ஷன்ட் சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை. சிசேரியன் எனில், வயிற்றுக்குள் இருக்கும் குழாய் நுனியில் தொற்று ஏற்படாமல் காக்க வேண்டும். சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கிய அறுவை உள்ளவர்களுக்கு, அப்பகுதிக்கு இரத்தம் செல்லும் பாதை கருப்பையின் முன்னால் ஓடக்கூடும். அதனால் சிசேரியனின்போது சிறுநீரக அறுவை மருத்துவர் உடனிருக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் பகுதியில் சிகிச்சைப் பாதை

இத்தகைய பிரசவத்துக்கு மகப்பேறு, மயக்கவியல், நரம்பு அறுவை, சிறுநீரகவியல், பச்சிளங்குழந்தை மருத்துவம் ஆகிய துறைகள் ஒரே இடத்தில் வேண்டும். இப்பகுதியில் அதற்கு உரிய அரசு மருத்துவமனை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. நாமக்கல்லிலிருந்து சேலம் சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உடல் இயலாமைக்கான மறுவாழ்வு மருத்துவத்தில் நெடிய அனுபவம் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் பலர் செல்கின்றனர். அங்கு 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கிய மேரி வர்கீஸ், விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணியாற்றிய மருத்துவர்.

பெரிய மருத்துவமனைக்குச் செல்வதால் ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டுவிடக் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் பெற வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும், குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அவ்வெண் தேவை. மாதந்தோறும் 9ஆம் நாளில் அரசு மருத்துவமனைகளில் நடைபெறும் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாமில், ஆபத்து மிகுந்த கர்ப்பமாக இதனைக் குறிக்கச் சொல்ல வேண்டும். அவசரத்தில் 108 வண்டி அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் என்பதால், அங்குள்ளவர்களுக்கு இப்பெண்ணின் முன்வரலாறு தெரிந்திருக்காது.

ஆகவே தாய் சேய் நல அட்டையோடு ஒரு பக்கக் குறிப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும். அதில் எழுத வேண்டியவை: பிளவின் மட்டம், ஷன்ட் உண்டா, எப்போது வைத்தது, லேடெக்ஸ் ஒவ்வாமை, சிறுநீர்ப்பை அறுவை விவரம், குழாய் போடும் நேரம், உண்ணும் மருந்துகள், முதுகு ஊசி போடலாமா என்பது பற்றி மயக்க மருத்துவரின் கருத்து, பிரசவம் திட்டமிட்டுள்ள மருத்துவமனை.

பிரசவத்துக்குப் பின்

தாய்ப்பால் கொடுக்கத் தடை ஏதும் இல்லை. பிளவு இடுப்புப் பகுதியில் உள்ளவர்களுக்கு மார்பின் உணர்வும் பால் சுரப்பும் பாதிக்கப்படுவதில்லை. தையல் போட்ட இடத்தில் வலி தெரியாததால் தொற்று வெளிப்படாமல் முற்றலாம். நாள்தோறும் பார்க்க வேண்டும். இரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் வரை நீடிக்கும். குழந்தையை மடியில் கட்டிக்கொள்ள உதவும் பட்டை, தாழ்ந்த தொட்டில், கைக்கு எட்டும் உயரத்தில் மேடை ஆகிய சிறு மாற்றங்கள் தாயே குழந்தையைக் கவனிக்க வழிசெய்யும்.

குழந்தையின் முதுகைப் பிறந்தவுடனேயே முழுதும் பார்க்க வேண்டும். குறைபாடு ஏதேனும் இருந்தால், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இலவசமாகப் பரிசோதனையும் சிகிச்சையும் பெறலாம். நரம்புக் குழாய்க் குறைபாடு அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளது.

கருத்தடையில் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ஆணுறை வழக்கமாக லேடெக்ஸால் ஆனது. எம்முறை பொருந்தும் என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் ஃபோலிக் அமிலத்தை மீண்டும் மூன்று மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிப் பெண் கருத்தரிக்கும்போது, "உனக்கே ஒருவர் துணை வேண்டும், இது எதற்கு?" என்று உறவினரும், சில வேளைகளில் மருத்துவப் பணியாளரும் கேட்பதுண்டு. கருவைக் கலைக்கவோ கருத்தடை அறுவை செய்துகொள்ளவோ வற்புறுத்துவதும் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 10ஆம் பிரிவு, மகப்பேறு, குடும்ப நலம் பற்றிய தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது. விவரம் அறிந்து அவர்களாகவே தரும் சம்மதம் இன்றி, பிள்ளைப்பேற்றை இல்லாமலாக்கும் எந்த மருத்துவ முறையையும் செய்யக் கூடாது என்றும் கூறுகிறது. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருக்கலைப்புச் செய்வது 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் பெறும் குற்றம். கடுமையான இயலாமை உள்ள நிலையில், மருத்துவரின் கருத்தோடும் காப்பாளரின் சம்மதத்தோடும் செய்வதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கால்களின் வலுக்குறைவு ஒருவரின் முடிவெடுக்கும் திறனைக் குறைப்பதில்லை. தாய்மையை விரும்புவதும் வேண்டாம் என்பதும் அப்பெண்ணின் முடிவே ஆகும்.

முடிவாக

முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பெண்ணின் மகப்பேற்றில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே அறியக்கூடியவை. சிறுநீர்த் தொற்று, ஷன்ட் அடைப்பு, அழுத்தப் புண், ஒவ்வாமை, முதுகு ஊசி ஆகிய ஒவ்வொன்றுக்கும் முன்னேற்பாடு உண்டு. திருமணப் பேச்சு தொடங்கும் காலத்திலேயே ஒருமுறை மகப்பேறு மருத்துவரைச் சந்தித்து, ஃபோலிக் அமிலத்தை எப்போது தொடங்குவது எனக் கேட்டறிவது அம்முன்னேற்பாட்டின் முதல் படியாகும்.